கண்ணைப் பறிக்கும் வெளிச்சம்

(தோட்டப் பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய பேச்சு)



நமது கூட்டங்களில் வழக்கமாகக் குடிதண்ணீர், சத்துணவு, பிள்ளைகளின் தடுப்பூசி, குடிப்பழக்கம் என்றுதான் பேசுவோம். இன்றைக்கு ஒரு வெளிச்சத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். “வெளிச்சத்தில் என்ன சேர் ஆபத்து, இருட்டில்தானே ஆபத்து?” என்று நீங்க நினைப்பீங்க. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

லேசர் லைட் என்று ஒரு சாமான் இப்போது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. பேனா மாதிரி ஒன்று இருக்கு. சாவிக் கொத்தில் தொங்குகிற சின்னது ஒன்று இருக்கு. டோர்ச் லைட் அளவில் தடிப்பானதும் இருக்கு. பட்டனை அமத்தினால் எதிர் மலையில் போய் ஒரு பொட்டு விழும். சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் நிறமாக வருகிறது. திருவிழாக் கடையில் வாங்கலாம், டவுன் நடைபாதையில் வாங்கலாம், போனில் ஓர்டர் பண்ணியும் எடுக்கலாம். வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் பிள்ளைகளுக்கு ஆசையாக அனுப்பும் சாமான்களோடும் வந்து சேரலாம்.

நம்ம மலைநாட்டில் இதற்குத் தனிக் கவர்ச்சி ஒன்று உண்டு. பனிமூட்டம் இறங்கிய இரவில் இதை அடித்தால், அந்தக் கதிர் நீளக் கம்பி மாதிரித் தெரியும். பிள்ளைகள் விடுவார்களா? ஆளுக்கொரு தரம் வாங்கி அடித்துப் பார்ப்பார்கள். அதனால்தான் நம்ம பிள்ளைகளுக்காக இதைப் பேசவேண்டி இருக்கு.

ஒரு வாட் தானே?

முதலில் இந்த லேசர் என்றால் என்ன என்று பார்ப்போம். 1960ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் திகதி அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தியோடர் மைமன் என்ற விஞ்ஞானி முதலாவது லேசரை எரிய வைத்தார். அதற்குப் பிறகு உலகத்துக்கு அதனால் எவ்வளவோ நன்மை கிடைத்திருக்கு. சீனி வருத்தத்தால் கெட்டுப்போகும் கண்ணுக்கு ஆஸ்பத்திரியில் டொக்டர்மார் லேசரால் வைத்தியம் செய்கிறார்கள். பெரிய கடைகளில் சாமானின் விலைக் கோடுகளைப் படிக்கிற மெஷினிலும் லேசர் இருக்கு. ஆகவே லேசரே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. பழக்கப்பட்டவர் கையில் இருக்கிற கவ்வாத்துக் கத்தியும் பிள்ளை கையில் இருக்கிற கவ்வாத்துக் கத்தியும் ஒன்றா?

சாதாரண பல்பின் வெளிச்சம் நாலு பக்கமும் சிதறிப் போகும். டோர்ச் வெளிச்சம் கூட தூரம் போகப் போக விரிந்து மங்கிவிடும். லேசர் வெளிச்சம் அப்படி விரியாது. ஒரே நிறமாக, ஒரே கோடாக, ஊசி மாதிரிப் போகும். மழை பெய்யும்போது தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு கொழுந்து எடுக்கிறோம். அதே தண்ணீர் ஒரு பைப்பில் வந்து, வாயை விரலால் அடைத்துக்கொண்டு ஒரு சின்ன இடுக்கால் அடித்தால் முகத்தில் பட முடியுமா? தண்ணீர் ஒன்றுதான். விரிந்து விழுவதா, ஒரு இடத்தில் குவிந்து விழுவதா என்பதில்தான் வித்தியாசம்.

இதனால்தான் வாட் கணக்கில் நம்ம ஆட்கள் ஏமாறுகிறார்கள். “வீட்டு பல்பே 9 வாட், இந்தச் சின்ன சாமான் 1 வாட் தானே?” என்று கேட்பாங்க. லேசரில் 1 வாட் என்பது பயங்கரமான அளவு. அதன் அளவை மில்லிவாட்டில் சொல்லுவார்கள். ஒரு வாட் என்றால் 1000 மில்லிவாட். வகுப்பில் பலகையைச் சுட்டிக்காட்ட ஒரு மாஸ்டருக்கு 1 மில்லிவாட் போதும். அப்படியானால் 1 வாட் லேசர் அதைப் போல ஆயிரம் மடங்கு.

அப்படிப்பட்டதை யார் விற்கிறார்கள் என்று கேட்கலாம். 2010ஆம் ஆண்டில் ஹொங்கொங்கைச் சேர்ந்த ஒரு கொம்பனி, கைக்குள் அடங்கும் 1 வாட் நீல லேசரை ஏறத்தாழ 200 அமெரிக்க டொலருக்கு யார் வேண்டுமானாலும் வாங்கும்படி விற்பனைக்கு விட்டது. படம் காட்டும் புரொஜெக்டர் மெஷினுக்குள் இருக்கும் ஒரு பாகத்தை எடுத்துத்தான் அதைச் செய்தார்கள். அதற்குப் பிறகு அதைவிடச் சக்தி கூடியதும், விலை குறைந்ததுமாகப் பல வந்துவிட்டன.

கண்ணுக்குள்ளே நடப்பது என்ன?

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உருப்பெருக்கிக் கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காய்ந்த சருகைப் பற்ற வைப்பதை நீங்க பார்த்திருப்பீங்க. பரவலாக விழும் வெயிலைக் கண்ணாடி ஒரு புள்ளிக்குக் கொண்டுவருகிறது. அந்தப் புள்ளியில் சருகு எரிகிறது. நம்ம கண்ணுக்குள்ளும் அதே மாதிரி ஒரு வில்லை இருக்கு. கண்ணுக்கு முன்னால் வரும் லேசர் கதிரை அந்த வில்லை குவித்து, பின்னால் இருக்கும் விழித்திரையில் மிகச் சின்னப் புள்ளியாக விழுத்துகிறது. கண்ணின் வாசலில் இருந்ததைவிட அங்கே அதன் உறைப்பு ஒரு இலட்சம் மடங்கு வரை கூடிவிடும். தோலில் பட்டால் தெரியாத லேசர் கண்ணுக்குள் போனால் சுட்டுவிடுவது இதனால்தான். வெறும் கண்ணால் சூரியனைப் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

இதில் இன்னொரு விசயம் இருக்கு. இன்றைக்கு நான் சொல்லுவதில் இதுதான் முக்கியம். அடுப்பில் கை பட்டால் என்ன செய்வோம்? “ஐயோ” என்று கையை இழுப்போம். வலிதான் நம்மைக் காப்பாற்றுகிறது. விழித்திரையில் அந்த வலி கிடையாது. அது வெந்து போனாலும் பிள்ளைக்கு வலிக்காது. கண் சிவக்காது. கண்ணீர் வடியாது. வெளியில் இருந்து பார்க்கிற தாய்க்கு அந்தக் கண் நல்ல கண் மாதிரியே இருக்கும்.

வெளிச்சம் பட்டால் கண்ணைச் சிமிட்டி விடுவோமே என்று நீங்க கேட்கலாம். சரிதான். கூசும் வெளிச்சம் பட்டால் ஏறத்தாழ கால் செக்கன் நேரத்துக்குள் கண் தானாக மூடிக்கொள்ளும். 1 மில்லிவாட் என்ற எல்லையை வைத்ததே அந்தக் கால் செக்கன் கணக்கில்தான். 1000 மில்லிவாட் லேசருக்குக் கால் செக்கன் தேவையில்லை. இமை இறங்குவதற்கு முன்னே காரியம் முடிந்துவிடும்.

விழித்திரையின் நடுவில் ஒரு சின்ன இடம் இருக்கு. டொக்டர்மார் அதை மக்கியூலா என்று சொல்லுவார்கள். நாம் எதை உற்றுப் பார்த்தாலும் அந்த இடத்தால்தான் பார்க்கிறோம். லேசரை உற்றுப் பார்க்கிற பிள்ளைக்குச் சூடு விழுவதும் அதே இடத்தில்தான். அந்த இடம் கெட்டால் ஆள் முழுக் குருடாக மாட்டார். சுற்றி இருப்பது தெரியும், ஓரம் தெரியும், நடக்கலாம். ஆனால் பார்க்க நினைக்கிற இடத்தில் மட்டும் ஒரு கறுப்புப் பொட்டு நிற்கும். எழுத்தைப் பார்த்தால் எழுத்து இருக்காது. முகத்தைப் பார்த்தால் மூக்கு, வாய் இருக்காது. ஊசியில் நூல் கோர்க்க முடியாது.

நம்ம வேலையை நினைத்துப் பாருங்கள். கொழுந்து எடுக்கிற அக்காமார் இங்கே நிறையப் பேர் இருக்கிறீங்க. ரெண்டு இலையும் ஒரு மொட்டும் எது, முற்றிய இலை எது என்று விரலுக்கு முன்னே கண்தானே பார்க்கிறது? கவ்வாத்து வெட்டுகிறவருக்கு வாது எங்கே, கை எங்கே என்று தெரியாமல் கத்தியை வீச முடியுமா? ஓ.எல். பரீட்சை எழுதுகிற பிள்ளைக்குக் கேள்வித்தாள் தெரிய வேண்டாமா? தோட்டத்தை விட்டு வெளியில் போய் டிரைவர் வேலை செய்ய நினைக்கும் தம்பிக்கு லைசென்ஸ் எடுக்கக் கண் சோதனை இல்லையா? சிறு பிள்ளைக்குப் போகிற அந்த நடுப் பார்வை, அறுபது எழுபது வருசத்துப் பிழைப்பு.

மூன்று ஊர்களில் நடந்தது

இது வாய்க்கதை இல்லை. டொக்டர்மார் எழுதி வைத்த சம்பவங்கள் பல இருக்கு. மூன்றை மட்டும் சொல்லுகிறேன்.

முதலாவது சுவிட்சர்லாந்தில் நடந்தது. 2010ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒப் மெடிசின் என்ற பெரிய வைத்திய சஞ்சிகையில் வெளிவந்தது. 15 வயதுப் பையன் ஒருவன் இணையம் மூலம் ஒரு பச்சை லேசரை வாங்கினான். தூரத்தில் இருந்து பலூனை வெடிக்க வைத்தான், கடுதாசி மட்டையில் ஓட்டை போட்டான், தங்கச்சியின் சப்பாத்தைக் கூடச் சுட்டுப் பார்த்தான். ஒரு நாள் கண்ணாடி முன்னால் நின்று லேசர் காட்சி செய்து விளையாடும்போது, கண்ணாடியில் பட்டுத் திரும்பிய கதிர் அவன் கண்களில் சில தரம் விழுந்தது. உடனே ரெண்டு கண்ணும் மங்கிப் போச்சு. அந்த லேசரின் சக்தி 150 மில்லிவாட். இடது கண்ணால் மூன்று அடி தூரத்தில் பிடித்த விரல்களை எண்ணத்தான் முடிந்தது.

அந்தப் பையன் செய்தது என்ன தெரியுமா? தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்து, தாய் தகப்பனுக்குச் சொல்லப் பயந்து, ரெண்டு கிழமை ஒளித்து வைத்திருந்தான். இனி மறைக்க முடியாது என்ற பிறகுதான் சொன்னான். வைத்தியம் செய்து, மாதக்கணக்கில் பார்வை ஓரளவு தேறி வந்தது. ஆனால் இடது கண்ணின் விழித்திரையில் வடு நின்றுவிட்டது.

ரெண்டாவது கிரேக்க நாட்டில். 2018ஆம் ஆண்டு அதே சஞ்சிகையில் வந்தது. 9 வயதுப் பிள்ளை. இடது கண்ணில் பார்வை குறைந்துவிட்டது என்று கூட்டிக்கொண்டு போனார்கள். டொக்டர்மார் பார்த்தால், விழித்திரையின் நடுவில் பெரிய ஓட்டை, அதற்குக் கீழே சின்னக் காயங்கள் ரெண்டு. விசாரித்தபோதுதான், பச்சை லேசர் ஒன்றை வைத்து விளையாடியதையும் அதைத் திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் பார்த்ததையும் பிள்ளை சொன்னது. நல்ல கண் 100 அடியில் இருந்து வாசிக்கிற எழுத்தை அந்தக் கண் 20 அடிக்குக் கிட்டப் போனால்தான் வாசிக்கும். ஒன்றரை வருசத்துக்குப் பிறகு பார்த்தபோதும் அதே நிலைமைதான். வலது கண் முழுப் பார்வையோடு இருந்தது.

மூன்றாவது நம்ம ஆட்கள் வேலைக்குப் போகிற சவூதி அரேபியாவில். ரியாத்தில் கிங் காலித் கண் வைத்தியசாலை என்று பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. சக்தி கூடிய நீல லேசரால் கண் கெட்டு வந்த 14 பேரைப் பற்றி அங்குள்ள டொக்டர்மார் 2014ஆம் ஆண்டில் எழுதினார்கள். அவர்கள் எல்லாம் விளையாட்டாக லேசரைப் பிடித்த வயதுக்காரர்கள். கண்ணில் பட்டது கண நேரம்தான். சிலருக்கு விழித்திரையின் நடுவில் ஓட்டையே விழுந்திருந்தது.

மூன்று ஊரும் நம்மைவிட வசதியான ஊர். பெரிய ஆஸ்பத்திரியும் டொக்டரும் கிட்ட இருக்கிற ஊர். அங்கேயே வெந்த இடத்தைப் பழையபடி ஆக்க முடியவில்லை. விழித்திரைக்கு மாற்றுத் துண்டு போட முடியாது. அதற்குச் சரியான மருந்து கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான்.

லேபிளை நம்பலாமா?

லேசர்களுக்குத் தரம் பிரித்து ஆங்கிலத்தில் கிளாஸ் என்று போடுவார்கள். கிளாஸ் 1, கிளாஸ் 2, 3 ஆர், 3 பி, 4 என்று போகும். கைக்குள் பிடிக்கும் லேசர்களில் கிளாஸ் 2 என்றால் 1 மில்லிவாட் வரை. 3 ஆர் என்றால் 5 வரை. 3 பி என்றால் 500 வரை. அதற்கு மேலே எல்லாம் கிளாஸ் 4. நம்பர் கூடக் கூட ஆபத்தும் கூடும். 3 என்றும் 4 என்றும் போட்டது எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது.

ஆனால் லேபிளை மட்டும் நம்பவும் முடியாது. அமெரிக்க அரசாங்கத்தின் அளவைத் திணைக்களத்து ஆட்கள் 122 லேசர்களை வாங்கிச் சோதித்து 2013ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். அந்த நாட்டில் சுட்டிக்காட்டும் லேசருக்கு எல்லை 5 மில்லிவாட். சோதித்த பச்சை லேசர்களில் நூற்றுக்கு 90 அளவிலும், சிவப்பில் நூற்றுக்கு 44ம் சட்டத்துக்கு ஒத்துவரவில்லை. சட்டமும் சோதனையும் உள்ள நாட்டிலேயே அந்தக் கதை. நடைபாதையில் லேபிள் இல்லாமல் விற்பதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

மலிவான பச்சை லேசரில் இன்னொரு மோசம் இருக்கு. பச்சை வெளிச்சம் நேரடியாக வருவதில்லை. உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிரை உண்டாக்கி, அதைத்தான் பச்சையாக மாற்றுகிறார்கள். மிச்சமாகும் அந்தத் தெரியாத கதிரைத் தடுக்க ஒரு சின்ன வடிகட்டிக் கண்ணாடி வைக்க வேண்டும். காசை மிச்சம் பிடிக்க அதை வைக்காமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது பச்சையோடு சேர்ந்து தெரியாத கதிரும் வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாததால் கண் சிமிட்டவும் செய்யாது. சில லேசரில் பச்சை மங்கலாக இருக்கும், பெட்டரி இறங்கிவிட்டது என்று பிள்ளை கிட்ட வைத்துப் பார்க்கும். தெரியாத கதிர் அப்போதும் உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

நிறத்தைப் பார்த்தும் சக்தியைக் கணிக்க முடியாது. நம்ம கண்ணுக்குப் பச்சை பளிச்சென்று தெரியும். நீலமும் ஊதாவும் அதே சக்தியில் மங்கலாகத்தான் தெரியும். நீல லேசர் அவ்வளவு பிரகாசமாக இல்லையே, சின்னதுதான் என்று நினைத்தால் ஏமாந்து போவோம்.

பட்டனை அமத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு அடையாளம் இருக்கா என்று சிலர் கேட்கிறார்கள். தீக்குச்சியைப் பற்ற வைக்கும், கறுப்புப் பொலித்தீனை உருக்கும், பலூனை வெடிக்க வைக்கும் என்று கடைக்காரர் பெருமையாகக் காட்டினால், அதுவே அடையாளம். அதை வாங்கவே வேண்டாம். பொலித்தீனை உருக்குவது கண்ணை விட்டு வைக்குமா?

அடுத்தவன் கண்ணும் கண்தான்

“நான் கண்ணில் அடிக்க மாட்டேன் சேர், சுவரில்தான் அடிப்பேன்” என்று தம்பிமார் சொல்லுவார்கள். லேசர் பட்ட இடத்தில் நிற்காது. கண்ணாடியில் பட்டால் திரும்பி வரும். ஜன்னல், சில்வர் செம்பு, புதுத் தகரம், மோட்டார் சைக்கிளின் பளபளப்பான பாகம், கையில் கட்டிய மணிக்கூடு, எது மினுங்கினாலும் திரும்பி வரும். எந்தப் பக்கம் திரும்பும் என்று அடிக்கிறவனுக்கே தெரியாது. சுவிட்சர்லாந்துப் பையனுக்கு அடித்தது அவன் கையில் இருந்த லேசர்தான், வழி காட்டியது முகம் பார்க்கும் கண்ணாடி. கிளாஸ் 4 லேசர் என்றால், வெள்ளைச் சுவரில் விழுந்த பொட்டைக் கிட்ட நின்று உற்றுப் பார்ப்பதும் ஆபத்து.

லயத்தில் எப்படி இருக்கிறோம்? ஒரு இஸ்தோப்பில் பத்துப் பிள்ளைகள். ஒருவன் கையில் லேசர் இருந்தால் அது பத்துப் பிள்ளைகளின் கண்ணுக்கும் பொதுவான ஆபத்து. தீயும் அப்படித்தான். விறகும் துணியும் பொலித்தீனும் கடுதாசியும் நெருக்கமாக இருக்கிற இடத்தில், சக்தி கூடிய லேசரை எரிய விட்டு மறந்துவிட்டால் தீப்பிடிக்கலாம். லயத்தில் ஒரு வீட்டில் பிடித்த தீ ஒரு வீட்டோடு நிற்குமா?

அடுத்தது ரோட்டு. நம்ம மலை ரோட்டின் வளைவுகள் உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம். இரவில் வரும் பஸ்ஸுக்கோ லொறிக்கோ பகிடிக்காக லேசர் அடித்தால், டிரைவரின் கண்ணாடி முழுக்க வெளிச்சம் பரவும். அவருக்கு ரோட்டுத் தெரியாது. கண் கெடாவிட்டாலும் சில செக்கன்கள் பார்வை கூசி நிற்கும். அந்தச் சில செக்கனுக்குள் வளைவு வந்துவிடும். அந்த பஸ்ஸில் வருவது யார்? டவுனுக்குப் போய்விட்டு வரும் நம்ம அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சிதான்.

வெளிநாடுகளில் இதற்குக் கடுமையான சட்டம் வந்ததும் இதனால்தான். 2008ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவுஸ்திரேலியாவின் சிட்னி விமான நிலையத்தில் இறங்க வந்த விமானங்களுக்குச் சிலர் லேசர் அடித்தார்கள். அதே வருசத்தில் அந்த நாடு 1 மில்லிவாட்டுக்கு மேற்பட்ட கை லேசரைக் கொண்டுவருவதைக் கட்டுப்படுத்தியது. சிட்னி இருக்கும் மாநிலத்தில் அது தடைசெய்யப்பட்ட ஆயுதங்களின் பட்டியலில் சேர்ந்தது. அமெரிக்காவில் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி விமானத்துக்கு லேசர் அடித்தால் 5 வருசம் வரை சிறை. பிரித்தானியாவில் 2018ஆம் ஆண்டுச் சட்டம் விமானத்தோடு பஸ், ரயில், கப்பலையும் சேர்த்தது. அங்கேயும் 5 வருசம் வரை. விளையாட்டு மைதானத்திலும் இதே தொல்லைதான். 2021ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ண உதைபந்தாட்ட அரையிறுதியில், டென்மார்க் கோல் காப்பாளரின் முகத்தில் யாரோ பச்சை லேசர் அடித்ததற்காக இங்கிலாந்துச் சங்கத்துக்குத் தண்டம் போட்டார்கள். நம்ம பிள்ளைகள் கிரிக்கெட் மெட்சிலும் திருவிழாக் கூட்டத்திலும் இதைக் கையில் எடுக்கக் கூடாது.

வெளிநாட்டில் இருந்து ஊருக்கு வருகிற நம்ம ஆட்களும் இதைக் கேட்க வேண்டும். உங்கள் ஊரில் கடையில் தொங்குகிறது, மலிவாக இருக்கு, பிள்ளை ஆசைப்படும் என்று வாங்கிவிடாதீர்கள். ராத்திரி வழி நடக்க நல்ல டோர்ச் லைட் ஒன்று அனுப்புங்கள். பன்றி, சிறுத்தை பயத்துக்கும் விரிந்த வெளிச்சம் உள்ள டோர்ச்தான் வழியைக் காட்டும். லேசர் ஒரு பொட்டைத்தான் காட்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதலாவது, வீட்டில் லேசர் லைட் இருக்கா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் பெட்டரியைக் கழற்றி, பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சந்தேகம் இருந்தால் கொண்டுவந்து என்னிடம் கொடுங்கள். யார் கொடுத்தது என்று விசாரிக்க மாட்டேன்.

ரெண்டாவது, லேசர் கண்ணில் பட்டது என்று தெரிந்தால் கண்ணைக் கசக்க வேண்டாம். தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு, எண்ணெய் எதுவும் விட வேண்டாம். கடையில் வாங்கிய கண் மருந்தும் வேண்டாம். காயம் கண்ணுக்குள்ளே பின்பக்கத்தில் இருக்கு, வெளியில் ஊற்றுவது அங்கே போகாது. தோட்ட டிஸ்பென்சரியில் சொல்லி, கண் டொக்டர் இருக்கும் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கேட்க மாட்டார்கள். ஒரு நாள் பேர் போகும்தான். போன பேரை அடுத்த மாதம் உழைத்துச் சரிக்கட்டலாம்.

மூன்றாவது, ஒரு சின்னச் சோதனை. ரெண்டு கண்ணையும் திறந்து பார்க்கும்போது ஒரு கண்ணின் குறையை மற்றக் கண் மறைத்துவிடும். பிள்ளைக்கே தெரியாமல் போவது அதனால்தான். சுவரில் கலண்டர் இருக்குத்தானே? கட்டம் கட்டமாகத் திகதி போட்ட கலண்டர். பிள்ளையை வாசிக்கிற தூரத்தில் நிறுத்தி, ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்தச் சொல்லுங்கள். நடுவில் இருக்கும் ஒரு திகதியை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கோடு நேராக இருக்கா, வளைந்திருக்கா? ஏதாவது கட்டம் மறைந்திருக்கா, மங்கி இருக்கா? பிறகு மற்றக் கண்ணுக்கும் அப்படியே. வித்தியாசம் சொன்னால் டொக்டரிடம் காட்டுங்கள். சரியாகத் தெரிகிறது என்று சொன்னாலும், லேசர் பட்டது உண்மை என்றால் காட்டத்தான் வேண்டும்.

நாலாவது, பெற்றோருக்கு நான் கைகூப்பிக் கேட்பது. பிள்ளை வந்து “அம்மா, கண்ணில் லேசர் பட்டுட்டு” என்று சொன்னால், கையை ஓங்காதீர்கள். “எங்கே எடுத்தாய், யார் கொடுத்தது, எத்தனை தரம் சொன்னேன்” என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தச் சுவிட்சர்லாந்துப் பையன் ரெண்டு கிழமை வாயைத் திறக்காமல் இருந்தது பயத்தால்தான். வலி சொல்லிக்கொடுக்காத காயத்தைப் பிள்ளை வாயால் சொன்னால்தான் நமக்குத் தெரியும். அந்த வாயை அடித்து அடைத்துவிட்டால் நமக்கு வேறு வழியே இல்லை. முதலில் ஆஸ்பத்திரி. புத்தி சொல்லுவதைத் திரும்பி வரும் பஸ்ஸில் வைத்துக்கொள்ளலாம்.

பேசி முடிக்கும்போது மேட்டு லயத்துப் பாட்டி ஒருவர் எழுந்து, “சேர், பேரன் அழுது கேட்டா என்ன செய்ய? வாங்கிக் கொடுக்கத்தானே மனசு வரும்” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் சொன்னேன்: “பாட்டி, பந்து வாங்கிக் கொடுங்க. பட்டம் வாங்கிக் கொடுங்க. வேணுமென்றால் ஒரு டோர்ச் வாங்கிக் கொடுங்க. அழுகிற பிள்ளை பத்து நிமிசத்தில் சிரித்துவிடும்.” பாட்டி தலையை ஆட்டிக்கொண்டு, “அப்ப நம்ம கோயில் திருவிழாக் கடைக்காரங்ககிட்டயும் சொல்லணும்” என்றார். அதுதான் சரி. திருவிழாவுக்குக் கடை போட இடம் கொடுக்கும்போதே, லேசர் லைட் விற்கக் கூடாது என்று கோயில் கமிட்டியும் தலைவர்மாரும் சேர்ந்து சொல்லிவிட்டால், பாதி வேலை முடிந்தது. வருகிற கமிட்டிக் கூட்டத்தில் நானும் வந்து பேசத் தயார். மாதர் சங்கத்து அக்காமாரும் வர வேண்டும்.

வீட்டுக்குப் போனதும் கலண்டர் முன்னால் பிள்ளைகளை நிறுத்திப் பாருங்கள்.